நடுவில் ஒன்பது பேருக்கு இடம்

நான் எழுதிய முதல் கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு ஒரு பூட்டுப் போட்டேன். பிறகு சாவியை மறந்துபோனேன். ஏதோ ராணுவ ரகசியம் என்று எண்ணிவிட வேண்டாம். பூனாவை அடுத்த பிம்ப்ரியில் நான் வேலை பார்த்த பம்பு தொழிற்சாலையின் கேன்டீனில் எந்தக் கிழமை எந்த பாஜி, அதாவது எந்தக் காய்ப் பொரியல், என்று அச்சடித்துத் தரும் புரோகிராம் அது. உருளைக்கிழங்கும் வெண்டைக்காயும் மாறி மாறி வரும் அந்தப் படைப்பை யாராவது திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்று எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மனதார நம்பினேன். ரகசியச் சொல்லைத் தட்டினால்தான் திறக்கும்படி செய்துவிட்டு, தீபாவளிக்கு மாயவரம் போய் வந்தேன். திரும்பி வந்து மெஷின்முன் உட்கார்ந்தால் சொல் நினைவில்லை. கேன்டீன்காரர் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் உருளைக்கிழங்குக்கு 'ஆலு' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். தொழிற்சாலை வழக்கம்போல ஓடியது.

நான் மட்டும் தெரிந்த சொற்களையெல்லாம் தட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எங்கள் கம்ப்யூட்டர் பிரிவில் சீனியரான ஓர் அக்கா என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். உட்காரவில்லை. என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி ஒரு ஃப்ளாப்பியைச் செருகினார். வட்டில் கிடப்பதை அப்படியே திரையில் கொட்டிக் காட்டும் சின்னப் புரோகிராம் ஒன்று அவரிடம் இருந்தது. கண்ணை இடுக்கிப் பார்த்தார். பிறகு பிரிவு முழுவதற்கும் கேட்கும்படி வாசித்தார்:

"ஜெனரல் மேனேஜர். இதான தம்பி உன் பாஸ்வேர்டு? ஆசைப்படுதது தப்பில்ல."

பிரிவே சிரித்தது. அது அடங்குவதற்குள் அவர் என் புரோகிராமைத் திறந்து வாசிக்க ஆரம்பித்திருந்தார். நாங்கள் எழுதிய மொழியில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு. மெஷின் எண் வரிசைப்படி நடக்கும். நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று நெருக்கி எழுதியிருந்தேன்.

"என்ன தம்பி இப்படி எழுதி வச்சிருக்க? நடுவுல ஒருத்தன் ஒரு வரி சேக்கணும்னா அவன் எங்க போய் நிப்பான்?"

"யாரு வந்து சேக்கப் போறாங்க, அக்கா?"

"யாராவது. பத்து, இருவது, முப்பதுன்னு போ. நடுவுல ஒம்பது பேருக்கு இடம் விடு."

பத்துப் பத்தாக எண் போடுவது அந்தக் காலத்துப் புரோகிராமர்கள் எல்லோருக்கும் தெரிந்த பழக்கம்தான். நாளைக்கு நாமே ஏதாவது சேர்க்க நேரும் என்று இடம் விடுவார்கள். அந்த இடம் மற்றவர்களுக்கானது என்று எடுத்துக்கொண்டவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவருடைய குடும்பம் நாசரேத் பக்கத்திலிருந்து பூனாவின் கேம்ப் பகுதிக்குத் தாத்தா காலத்திலேயே வந்துவிட்ட கிறிஸ்தவக் குடும்பம். பேச்சில் திருநெல்வேலி அப்படியே இருந்தது. அதன்மேல் இந்தியும் மராத்தியும் தாளித்துக் கொட்டியிருக்கும். "அரே, சவத்த விடு" என்பார் ஒரே மூச்சில். முப்பத்தைந்தைத் தாண்டிய வயது. கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று கேட்கிற தைரியம் எங்களில் யாருக்கும் வரவில்லை. கன்டோன்மென்டுப் பெண்கள் பள்ளியில் டீச்சராக இருந்த தமக்கையோடு குடியிருந்தார்.

அவருக்கு அடியோடு பிடிக்காத ஒரு சொல் 'முடிந்தது'. பஸ்ஸில் இடமிருந்தாலும் நின்றுகொண்டுதான் வருவார்; வீட்டுக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, பஸ்ஸை முந்திக்கொண்டு நடப்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே தான் சொன்ன வாக்கியத்தைத் திருத்துவார், நாம் சொன்னதையும் திருத்துவார். பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மாளிடம் மாங்காய் ஊறுகாய்க்குப் பக்குவம் கேட்டு வாங்கினார். ஒரு வாரத்தில் உப்பைக் குறைத்து, வெந்தயத்தைக் கூட்டி, ஊறுகாயோடு பக்குவத்தையும் திருப்பிக் கொடுத்தார். அந்த அம்மாள் அதன்பின் அவரோடு பேசவில்லை. ஊறுகாய் நன்றாக இருந்ததுதான் அவருடைய கோபத்துக்குக் காரணம் என்று அக்கா கடைசிவரை நம்பினார்.

மூல நிரலைத் திறந்து வைப்பது, யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம் என்பதற்கெல்லாம் இன்று பெயர் இருக்கிறது. மாநாடு கூட்டுகிறார்கள், பனியனில் அச்சடித்துக்கொள்கிறார்கள். அன்று எங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை, அவ்வளவுதான். இரண்டாவது ஆராதனை முடிந்ததும் தேவாலயத்தை ஒட்டிய ஓய்வுநாள் பள்ளி அறையில் கூடுவோம். பெஞ்சுகள் ஆறு வயசுக்காரர்களுக்கு அளவெடுத்தவை. அவற்றில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து உலகத்தைத் திருத்தினோம். பிம்ப்ரியில் மருந்துக் கடைகளுக்கு பில் அடித்துக் கொடுத்துவந்த ஒரு சிந்திக்காரர், தன் மெஷினைப் போர்வையில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். கடக்வாஸ்லாவிலிருந்து ஒரு மராத்தி கணக்கு வாத்தியார் பஸ் மாறி வருவார். மற்றவர்கள் வாரத்துக்கு வாரம் மாறுவார்கள்.

அங்கே அக்கா போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. ஒரு புரோகிராமை யார் வேண்டுமானாலும் நகலெடுத்துக்கொண்டு போகலாம்; ஆனால் எடுத்தபடியே திருப்பிக் கொண்டுவரக் கூடாது. ஒரு வரியையாவது சரிசெய்து கொண்டுவர வேண்டும். தப்பைக் கண்டுபிடித்தவர் பெயர் புரோகிராமின் தலையில் ஏறும். முதலில் எழுதியவர் பெயர் கீழே கீழே இறங்கும். இதனால் நாங்கள் எல்லோரும் எழுதுவதைவிடத் தப்புத் தேடுவதில் தேர்ந்தவர்கள் ஆனோம். என் கேன்டீன் புரோகிராம் ஒரு சுற்றுப் போய் வந்தபோது என் பெயரைத் தேடக் கீழே இறங்கி இறங்கி எனக்குக் கை வலித்தது.

ஒருமுறை நான் செய்யக்கூடாத காரியம் ஒன்று செய்தேன். பத்திரிகைக்கு அனுப்ப எழுதிவைத்திருந்த என் மணமகள் தேவை விளம்பரத்தை அக்காவிடம் காட்டி, "சரியா இருக்கா பாருங்க" என்று கேட்டேன். அடுத்த ஞாயிறு அது ஐந்தாறு பேர் கை பட்டுத் திரும்பி வந்தது. என் உயரம் இரண்டு அங்குலம் கூடியிருந்தது; அது கணக்கு வாத்தியாரின் தாராளம். 'நல்ல குணமுள்ள' என்பதை யாரோ ஆதாரம் கேட்டு அடித்திருந்தார்கள். சிந்திக்காரர் ஜாதகத்தை எடுத்துவிட்டு ரத்தப் பிரிவைச் சேர்த்திருந்தார். தலையில் எல்லோருடைய பெயரும் இருந்தது. அதைப் பார்க்கிற பெண் யாரைக் கட்டிக்கொள்வதென்று குழம்பிப்போயிருப்பாள். விளம்பரம் வெளிவரவில்லை.

அக்காவின் சொந்தப் படைப்பு என்று ஒன்று இருந்ததென்றால் அது டைம் டேபிள் புரோகிராம். ஒவ்வொரு ஜூன் மாதமும் அவருடைய தமக்கை பள்ளிக்கூடத்துக் கால அட்டவணையைத் தயாரிக்கத் தரை முழுக்கத் தாளைப் பரப்பிக்கொண்டு அழுவாராம். எந்த டீச்சர் எந்த வகுப்பில் எந்தப் பீரியட் என்று ஒரு கட்டத்தைச் சரிசெய்தால் இன்னொரு கட்டம் இடிக்கும். அதைப் பார்க்கச் சகிக்காமல் அக்கா ஆபீஸ் மெஷினில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுத ஆரம்பித்தார். 'பழகிக்கொள்ள' என்று மேனேஜர் அந்த நேரத்தை எல்லோருக்கும் விட்டுவைத்திருந்தார். எழுதியது ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது. அங்கிருந்து ஊரெல்லாம் போனது. மழைக்காலத்தில் ஃப்ளாப்பியில் பூஞ்சை பிடிக்கும் என்று நகல்களை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருந்தார்.

"உலை வைக்கதுக்கு அரிசி அளக்கப் போனா இவ தட்டுதான் கையில வருது" என்று தமக்கை என்னிடம் முறையிட்டதுண்டு. "எந்த வீட்டுல நடக்கும் இந்தக் கூத்து?"

அந்தப் புரோகிராமில் ஒரு விசித்திரம் நடந்தது. இடைவேளை மூன்றாவது பீரியடுக்குப் பிறகு என்று ஒரு வாரம் இருக்கும். மறுவாரம் நான்காவதுக்குப் பிறகு என்று மாறியிருக்கும். அதற்கடுத்த வாரம் மறுபடி மூன்று. கணக்கு வாத்தியார் தன் பள்ளியை நினைத்து அதைத் தப்பு என்று திருத்துகிறார். சிந்திக்காரர் தன் மகள் படிக்கும் பள்ளியை நினைத்து அந்தத் திருத்தத்தைத் தப்பு என்று திருத்துகிறார். இருவரும் ஒரே பெஞ்சில் முதுகோடு முதுகு இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தும் வாய் திறக்கவில்லை. தலையில் இரண்டு பெயர்களும் மாறி மாறிப் படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டிருந்தன. அக்கா அதைப் பார்த்ததும் கைகொட்டிச் சிரித்தார்.

"ரெண்டு பேரும் சரிதான். எப்போ மணி அடிக்கணும்னு அவங்கவங்ககிட்ட மெஷினே கேட்டுட்டாப் போச்சு." இரண்டு வரி சேர்த்தார். பத்துக்கும் இருபதுக்கும் நடுவில் அதற்கு இடம் இருந்தது.

எப்போதும் இவ்வளவு இனிமையாக முடிந்துவிடவில்லை. கணக்கு வாத்தியார் மாதக்கணக்கில் உழைத்து ஒரு புது வழி கண்டுபிடித்துக் கொண்டுவந்தார், மோதிக்கொள்ளும் பீரியடுகளை எப்படி நகர்த்துவது என்று. அக்கா எல்லோர் முன்னாலும் நின்றபடியே வாசித்து, "இந்தப் பக்கம் போனா திரும்பி வரவே வராது, சார். சுத்திக்கிட்டே கிடக்கும்" என்று பாதியில் அடித்துப்போட்டார். அவர் சொன்னது சரிதான். வாத்தியார் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். பிறகு பல ஞாயிறுகள் வரவில்லை. அக்கா நிலைகொள்ளாமல் அலைந்தார். தான் கடுமையாகப் பேசிவிட்டோம் என்பதல்ல அவருடைய கவலை. அந்த வழியில் உருப்படியான பாதி இருக்கிறதே, அது கடக்வாஸ்லாவில் சும்மா கிடக்கிறதே என்பதுதான். கடைசியில் அந்தப் பாதியை நினைவிலிருந்து எடுத்துத் தானே ஒரு புது வடிவம் எழுதி, தலையில் வாத்தியார் பெயரை ஏற்றி, மழையில் பஸ் பிடித்துப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். வாத்தியார் திரும்பி வந்தார். வந்த அன்றே அக்கா எழுதியதில் ஒரு தப்பும் கண்டுபிடித்தார். இருவருக்கும் அன்று முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இவர்களோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

ஆபத்து ஒரு நல்ல மனசிலிருந்து வந்தது. புரோகிராமைப் பயன்படுத்திய ஏதோ ஒரு பள்ளி, ஆண்டு விழா மலரில் எங்கள் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு நன்றி என்று அச்சடித்துவிட்டது. மலர் மேனேஜர் மேஜைக்கு வந்தது. அவர் கெட்டவர் இல்லை. பம்பைத் தவிர இன்னொன்றையும் விற்கலாம் என்று பம்பாய் தலைமை அலுவலகத்துக்குக் காட்ட ஒரு சந்தர்ப்பம் கிடைக்காதா என்று காத்திருந்தவர். அக்காவைக் கூப்பிட்டார். பேச்சு இந்தியில் நடந்தது, தமிழில் தருகிறேன்.

"மேடம், இது கம்பெனி மெஷினில் செய்தது. கம்பெனிச் சொத்து. வெளியே போன எல்லா நகலையும் திரும்ப வாங்கி என் மேஜையில் வையுங்கள். இனிமேல் வெளியே எதுவும் கொடுக்க மாட்டேன் என்று ஒரு கையெழுத்து. இல்லையென்றால் என் கையில் ஒன்றும் இல்லை."

கையில் ஒன்றும் இல்லை என்றால் என்ன என்று எல்லோருக்கும் புரிந்தது. மெஷின் இல்லாத பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள், அல்லது வேலையே போகும். பூனாவில் அப்போது ஒரு பெண் தன் இஷ்டப்படி உட்கார்ந்து தட்டக் கிடைக்கும் மெஷின்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். வேலை போகுமே, வீட்டு வாடகை என்ன ஆகும் என்பது தமக்கையின் பயம். மதியச் சாப்பாட்டு நேரம் போய்விடுமே என்பது அக்காவின் பயம். அவர் முகம் வெளுத்ததை முதன்முறையாகப் பார்த்தேன்.

"குடுத்துருவோம் தம்பி. சண்டை போட எனக்கு நேரமில்ல. வண்டிய எடு."

என் ஸ்கூட்டரில் ஊரைச் சுற்றினோம். அவர் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, ஒவ்வொரு சந்திப்பிலும் நான் திரும்பிய பிறகு வேறு வழியைச் சொன்னார். ஒரு பள்ளியில் தலைமையாசிரியை, ஒரு பள்ளியில் குமாஸ்தா, ஓரிடத்தில் ஒரு பாதிரியார். யாரும் தகராறு செய்யவில்லை; உறையோடு எடுத்துக் கொடுத்தார்கள். கொடுக்கும்போது ஒவ்வொருவரும் கூச்சத்தோடு அதையே சொன்னார்கள்: "கொஞ்சம் மாத்தியிருக்கோம், பரவாயில்லையா?" பாதிரியார் ஜெப நேரத்தைச் சேர்த்திருந்தார். குமாஸ்தா சனிக்கிழமையை நீக்கியிருந்தார். சிந்திக்காரர் கொடுத்த வட்டில் மருந்துக்கடைப் பில்லும் கலந்திருந்தது.

மேனேஜர் மேஜையில் எல்லாவற்றையும் குவித்தோம். அவர் திருப்தியோடு பார்த்தார்.

"இதில் ஒரிஜினல் எது?"

"ஒரிஜினல் இல்லை, சாஹேப். அதில் பாதி தப்பு. யாரும் அதை வைத்துக்கொள்ளவில்லை."

"சரி. இவை எல்லாம் ஒன்றுதானே?"

"ஒன்றுகூட இன்னொன்று மாதிரி இல்லை."

மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்கள் இங்கே, இந்த மெஷினில் எழுதிய வரிகள் இருக்குமில்லையா, அவை கம்பெனியுடையவை. அதைப் பிரித்துக் கொடுங்கள், போதும்."

அக்கா உண்மையாகவே உதவ முன்வந்தார். ஒரு வட்டைச் செருகி, தன் வரிகளைத் தேட ஆரம்பித்தார். மேலிருந்து கீழே போனார், கீழிருந்து மேலே வந்தார். இன்னொரு வட்டைச் செருகினார். அவருடைய விரல் திரையில் ஓரிடத்தில் நின்றது. என் பக்கம் திரும்பித் தமிழில் மெல்லக் கேட்டார்:

"இது நான் எழுதுனதா தம்பி? நல்லாருக்கே."

அது அவர் எழுதியதில்லை. குமாஸ்தா எழுதியது. அக்காவுடைய வரி அதற்குக் கீழே இருந்தது, ஓடாதபடி அடிக்கப்பட்டு. தன் வரியைத் தானே அடையாளம் கண்டுகொள்ள முடியாமல் அவர் நின்றதைப் பார்க்க எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவரோ, குமாஸ்தாவின் வரியில் ஒரு சின்ன ஓட்டையைக் கண்டுபிடித்து, மேனேஜர் மெஷின் என்பதையும் மறந்து அதைத் திருத்த ஆரம்பித்துவிட்டார்.

"மேடம்," என்றார் மேனேஜர், தட்டச்சு செய்த உறுதிமொழிக் காகிதத்தை நீட்டி. "இதிலாவது கையெழுத்துப் போடுங்கள்."

அக்கா அதையும் நின்றபடியே வாசித்தார். வாசிக்கும்போதே அவர் கை என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது என்ன நடக்கப்போகிறதென்று. "அக்கா, வேண்டாம்" என்றேன் தமிழில். அவர் காதில் விழவில்லை. 'வெளியாருக்குக் கொடுக்க மாட்டேன்' என்பதை அடித்து, 'வெளியாருக்குக் கொடுக்கும்போது கம்பெனியின் பெயரையும் தலையில் போடுவேன்' என்று எழுதினார். காகிதத்தின் உச்சியில் தன் பெயரைப் போட்டார். அதற்கும் மேலே கொஞ்சம் இடம் விட்டார். பேனாவை மேனேஜரிடம் நீட்டினார்.

"இப்போது சரியாக இருக்கிறது, சாஹேப். நீங்களும் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் மாற்றுங்கள். உங்கள் பெயர் மேலே வரும்."

அதில் ஏளனம் துளியும் இல்லை. தனக்குத் தெரிந்த ஒரே மரியாதையை அவர் செய்தார். மேனேஜர் பேனாவை வாங்கவில்லை. அவர் மட்டும் அன்று அதை வாங்கி ஒரு சொல்லை மாற்றியிருந்தால் அந்தக் கம்பெனி இன்றைக்கு எங்கேயோ போயிருக்கும் என்று நான் சில சமயம் எண்ணுவதுண்டு. ஆனால் இப்படி எண்ணுகிறவன் பாஜிக்குப் பூட்டுப் போட்டவன்.

மறுவாரம் அக்காவை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். அங்கே மெஷின் இல்லை. போல்ட்டும் வாஷரும் இருந்தன. கொஞ்ச நாள் அலமாரிகளை இடம் மாற்றிப் பார்த்தார். பிறகு ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டு மணி அடித்ததும் வெளியே நடந்தவர் திரும்பி வரவில்லை. சிந்திக்காரர் தன் கடையில் பிற்பகல்களில் மெஷினை அக்காவுக்கு விட்டுக்கொடுத்தார். சில வருஷம் அப்படிப் போனது. பிறகு அக்கா பெங்களூரில் ஏதோ வேலை கிடைத்துப் போய்விட்டார். மேஜையில் குவித்த வட்டுகள் என்ன ஆயின என்று தெரியாது. ஆனால் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரு நகல் வைத்துக்கொண்டுதான் கொடுத்திருந்தார்கள் என்பது பிறகு தெரியவந்தது. அவரிடம் பழகியவர்கள் வேறெப்படிச் செய்வார்கள்?

அவர் போய் இரண்டாவது ஜூனில் நான் அவருடைய தமக்கையைப் பார்க்கப் போனேன். பள்ளி திறக்கும் சமயம். எனக்கு மனசு பொங்கிக்கொண்டிருந்தது. உங்கள் தங்கை ஒரு பெரிய காரியம் செய்திருக்கிறார், தன் வாழ்க்கையையே அதற்குக் கொடுத்தார், இந்த மாசம் பூனாவில் எத்தனை பள்ளிக்கூடங்களில் அவருடைய டைம் டேபிள் ஓடுகிறதோ என்று நிறையச் சொன்னேன். நான் பேசும் தமிழே அன்று கொஞ்சம் மேடைத் தமிழாகிவிட்டிருந்தது. தமக்கை தரையில் தாளைப் பரப்பி, பென்சிலைக் காதில் செருகி உட்கார்ந்திருந்தார். கட்டம் கட்டமாகப் போட்ட தாள். நான் அதை அப்போதுதான் கவனித்தேன்.

"என்ன இது, டீச்சர்? கையாலயா போடறீங்க?"

"கையாலதான். அவ இருந்தவரைக்கும் அவளே போட்டுத் திருத்திக் குடுப்பா. போன வருஷம் அவ இல்லாம மெஷினுல போட்டுப் பாத்தோம். ஒரு கட்டம் இடிக்கல, கணக்கெல்லாம் சுத்தமாத்தான் வந்துச்சு. ஆனா எங்க ஸ்டாஃப் ரூமுல எந்த டீச்சரு எந்த டீச்சரோட பேசமாட்டான்னு அதுக்குத் தெரியல பாத்துக்கிடுங்க. ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல ஃப்ரீ பீரியடுன்னு கொண்டுவந்து எதிரும் புதிருமா உக்கார வச்சிருச்சு. வருஷம் பூரா ரகள."

"இதை அக்காகிட்ட சொன்னீங்களா?"

தமக்கை காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"சொல்லுவனா? சொன்னா அடுத்த ரயில்லயே வந்து நிப்பா. பொறவு நாள் முச்சூடும் அவளுக்கு டீ போட்டு மாளாது."